அத்தையும் வரி இலாகாவும்

எங்கள் பொள்ளாச்சியில் ஒரு தேநீர்க் கடையைக் காலி செய்வதற்கு ஆனைமலைக் காட்டிலிருந்து யானை வரவேண்டிய அவசியம் இல்லை. யானை வந்தால் ஜனங்கள் எட்ட நின்று வேடிக்கை பார்ப்பார்களே தவிர, கலைந்து போகமாட்டார்கள். "இன்கம்டாக்ஸ்காரங்க ஊருக்குள்ள வந்திருக்காங்களாம்" என்று யாராவது ஒருவர் மெல்லச் சொன்னால் போதும். கொப்பரை வியாபாரிக்குத் திடீரென்று வீட்டு ஞாபகம் வந்துவிடும். வெல்ல மண்டிக்காரர் செருப்பைத் தேட ஆரம்பிப்பார். ஆயுளில் ஒரு நாளும் வருமான வரி கட்டியிராத வெற்றிலைக் கடைக்காரர்கூடக் காரணம் தெரியாமல் கடையை அரைக் கதவு சாத்தி விடுவார்.

நானும் அந்தப் பயந்தாங்கொள்ளிக் கூட்டத்தைச் சேர்ந்தவன்தான். வரி இலாகா என்றால் பிடிப்பதற்கென்றே ஏற்பட்ட ஒரு ஸ்தாபனம் என்றும், அதன் கண்ணில் படாமல் இருப்பதே மனிதனுக்கு அழகு என்றும் வெகு காலம் நினைத்திருந்தேன். அந்த அபிப்பிராயத்தை மாற்றியவர் சட்ட நிபுணர் யாரும் அல்ல. நாலாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்ட என் அத்தை.

அத்தைக்கு அப்போது வயது அறுபத்தெட்டு. ஆனைமலை செல்லும் சாலையில் சிறியதாக ஒரு தென்னந்தோப்பு உண்டு. மாமா காலமான பிறகு, அவர் சேர்த்து வைத்திருந்த பத்து லட்சம் ரூபாயைப் பாங்கியில் டிபாசிட்டாகப் போட்டிருந்தாள். அதிலிருந்து வருஷத்துக்கு 72,000 ரூபாய் வட்டி வரும். தோப்பு வருமானம் மழையையும் விலையையும் பொறுத்தது. வட்டிதான் நிச்சயமான வருமானம். மருந்துக்கும், பேத்தியின் பள்ளிக்கூடச் சம்பளத்துக்கும் அதை நம்பியே இருந்தாள்.

2024-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் பாஸ் புத்தகத்தில் கணக்குப் பதிந்து பார்த்தபோது 14,400 ரூபாய் குறைந்தது. வட்டியில் நூற்றுக்கு இருபது வீதம் வரியாகப் பிடித்திருந்தார்கள்.

அத்தை வருமான வரி கட்டவேண்டியவளே அல்ல. விவசாய வருமானத்துக்கு மத்திய அரசு வருமான வரி விதிப்பதில்லை. அந்த அதிகாரத்தை அரசியல் சாசனமே மாகாணங்களுக்கு விட்டு வைத்திருக்கிறது. வட்டியோ, வரி ஆரம்பமாகும் எல்லைக்கு வெகு கீழே இருந்தது. 'எனக்கு வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லை' என்று உறுதி கூறும் படிவத்திலும் அவள் வருஷந்தோறும் கையெழுத்திட்டுக் கொடுத்து வந்தாள்.

பின் என்னதான் கோளாறு? பான் கார்டில் அத்தையின் பெயரோடு மாமாவின் பெயரும் சேர்ந்திருந்தது. ஆதார் அட்டையில் ஓர் எழுத்துத் தலைப்பு மட்டும் இருந்தது. இரண்டையும் இணைக்க முடியவில்லை. இணைக்காத பான் எண்கள் 2023 ஜூலை 1 முதல் செயலற்றுப் போயின. எண் செயலற்றுப் போனால் உறுதிமொழிப் படிவமும் செல்லாது. வரியும் இரட்டிப்பு வீதத்தில் பிடிக்கப்படும். ஒரு கார்டுக்கும் இன்னொரு கார்டுக்கும் இருந்த மனஸ்தாபத்தில் அத்தையின் மருந்துச் செலவு மாட்டிக்கொண்டது.

பாங்கியில் விசாரித்தோம். "நாங்கள் பிடித்தது உண்மை, ஆனால் பணம் ஸர்க்காருக்குப் போய்விட்டது. அங்கே கேளுங்கள்" என்றார்கள். ஓர் ஆபீஸுக்குப் போனோம். "பிடித்தது பாங்கி, அங்கே கேளுங்கள்" என்றார் அங்கிருந்தவர். அவர் கடுமையாகப் பேசினார் என்று சொல்லமாட்டேன். நிமிர்ந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான். அத்தை படி இறங்கும்போது என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"ஏஞ்சாமி, இந்த ஆபீஸ் யாருக்காகக் கட்டி வச்சிருக்குது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "ஸர்க்காருக்காக" என்று சொல்லி வைத்தேன். "ஸர்க்கார் யாருக்காக?" என்று அடுத்த கேள்வி வந்தது. நல்ல வேளையாகப் பஸ்ஸும் வந்தது.

அதற்குப் பிறகு நாங்கள் போய்ச் சேர்ந்த இடம் கடைவீதியை அடுத்த ஓர் ஆடிட்டரின் அலுவலகம். மாடிப்படி ஏறினால் நீளமாக ஒரு பெஞ்சு. அந்தப் பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்ததில், பல வருஷங்கள் பத்திரிகை படித்துத் தெரிந்துகொள்ளாத விஷயங்களைத் தெரிந்துகொண்டேன். வரி இலாகாவோடு சம்பந்தப்பட்ட ஜனங்கள் எத்தனை வகை என்பதற்கு அந்தப் பெஞ்சே ஒரு கண்காட்சிசாலை. அத்தை கூச்சப்படுகிறவள் அல்ல, ஒவ்வொருவரையும், "உங்களுக்கு என்ன தொந்தரவுங்க?" என்று விசாரித்துக்கொண்டே வந்தாள்.

முதலில் இருந்தவர் கொப்பரை வியாபாரி. அவருக்கு ஜி.எஸ்.டி. கணக்கு. 2017 ஜூலை 1-ல் அந்த வரி வந்த நாள் முதல் மாதந்தோறும் கணக்குக் காட்டவேண்டிய கவலையைச் சொன்னார். அத்தை ஆர்வத்துடன் கேட்டாள்:

"தேங்காய்க்கு எவ்வளவுங்க வரி?"

"தேங்காய்க்கு வரி இல்லீங்க அம்மா. கொப்பரைக்கு நூத்துக்கு அஞ்சு."

"வெயில்ல காயப்போட்டா வரியா? வெயிலு அவங்க போட்டதா?"

பெஞ்சு முழுவதும் சிரித்தது. ஆனால் வியாபாரி பொறுமையாக விளக்கினார். தாம் வாங்கும்போது கொடுத்த வரியை விற்கும்போது கிடைக்கும் வரியில் கழித்துக்கொண்டு, மிச்சத்தை மட்டுமே கட்டுவதாகச் சொன்னார். "அப்படின்னா கடைசியில யாருதான் குடுக்கறது?" என்றாள் அத்தை. "சாமான் வாங்கிச் சாப்பிடறவங்க" என்றார் அவர். "அப்ப நானும் வரி கட்டறவதான்" என்று அத்தை தன் கணக்கில் அதை வரவு வைத்துக்கொண்டாள்.

தேங்காயெண்ணெயின் கதை இன்னும் வேடிக்கையானது. வாணலியில் விட்டால் உணவு எண்ணெய். தலையில் தேய்த்தால் கேசத் தைலம். முதலாவதற்கு நூற்றுக்கு 5, இரண்டாவதற்கு 18. சிறிய புட்டியில் அடைத்த சுத்தமான தேங்காயெண்ணெய் இவற்றில் எது என்ற வழக்கு வருஷக்கணக்கில் நடந்து, சுப்ரீம் கோர்ட்டு வரையில் போயிற்று. புட்டி சிறிது என்பதனாலேயே அது தலைக்கு எண்ணெய் ஆகிவிடாது என்று 2024 டிசம்பர் 18-ல் தீர்ப்பாயிற்று. பின்னர் 2025 செப்டம்பர் 22 முதல் கேசத் தைலத்துக்கும் 5 என்று ஆக்கியதும் வித்தியாசமே மறைந்தது. இந்த எண்ணெய்க் கணக்கின் முடிவில் எங்கள் ஊர்க் களங்களில் கொப்பரை உலர்த்தும் ஸ்திரீகளின் வேலையும் தொங்கிக்கொண்டிருந்தது.

அடுத்து இருந்தவர் தென்னை நார்த்தூளைக் கட்டிகளாக அழுத்தி அயல்நாட்டுக்கு அனுப்புகிறவர். முன்பு தோப்போரத்தில் குவித்து வைத்திருந்த குப்பை, இப்போது தூத்துக்குடி வழியாகவும் கொச்சி வழியாகவும் கப்பலேறுகிறது. மண்ணில்லாமல் செடி வளர்க்கும் அயல்நாட்டுத் தோட்டக்காரர்கள் அதை வாங்குகிறார்கள். அவருக்கு வேண்டியது சுங்க இலாகாவின் தயவு. ஏற்றுமதிச் சரக்குக்கு உள்நாட்டு வரி இல்லை. சரக்கைத் தயாரிப்பதற்காகக் கொடுத்த வரியையும் திருப்பிக் கொடுக்கிறார்கள். அந்தப் பணம் காலத்தில் வந்தால் ஆட்களுக்குச் சனிக்கிழமைக் கூலி காலத்தில் போய்ச் சேரும். தாமதித்தால் அவர் வட்டிக்குக் கடன் வாங்கவேண்டும்.

அவருக்குப் பக்கத்தில் ஒரு லாரி முதலாளி. பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்குச் செல்லும் சாலைகளில் எல்லையோரத்து வணிகவரிச் சோதனைச் சாவடிகளில் லாரிகள் வரிசையாய் நின்ற காலத்தை அவர் விவரித்தார். இரவெல்லாம் காத்திருந்து, காய்கறி வாடிப் போனதும் உண்டாம். ஜி.எஸ்.டி. வந்த 2017-ல் அந்தச் சாவடிகள் எடுபட்டன. 2018 ஏப்ரல் முதல், மாகாண எல்லையைத் தாண்டும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு மின்வழிச் சீட்டு இருந்தால் போதும் என்று ஆயிற்று. "இப்ப சீட்டுல ஒரு நம்பர் தப்பா இருந்தா வழியில நிறுத்திப்போடறாங்க. ஆனா ராத்திரி வீட்டுல தூங்கறனுங்க" என்றார்.

கடைசியில் இருந்தவன் ஷார்ஜாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஓர் இளைஞன். கோயமுத்தூர் விமான நிலையத்தில் பச்சை வழி, சிவப்பு வழி என்று இரண்டு உண்டு. தீர்வை கட்டவேண்டிய சாமான் இல்லாதவர்கள் பச்சையில் போகலாம். இருப்பவர்கள் சிவப்பில் போய்ச் சொல்லவேண்டும். தங்கைக்கு நகை வாங்கி வந்த அவன் சிவப்பு வழியில் போய் உண்மையைச் சொல்லித் தீர்வை கட்டினானாம். அதற்கு அவனுடைய சிநேகிதர்கள் அவனைப் பைத்தியக்காரன் என்றார்களாம். அத்தை அவன் தோளில் தட்டி, "நீ பைத்தியமில்லை கண்ணு" என்றாள்.

இவர்களில் எவருமே திருடர் அல்ல. எல்லோருமே கணக்கை ஒப்புக்கொடுக்க வந்தவர்கள். ஆனாலும் எல்லோர் முகத்திலும் திருடனைப் போன்ற ஒரு கலவரம் இருந்தது. இந்தக் கலவரத்தை நாம் எங்கிருந்து சம்பாதித்துக்கொண்டோம்?

வரி என்பது நமக்குப் புதியது அல்ல. சுங்கத்துக்கு 'உல்கு' என்று அழகான பழந்தமிழ்ப் பெயர் உண்டு. திருவள்ளுவர் அதை அரசனுக்குரிய நியாயமான பொருள்களில் ஒன்றாக வைத்திருக்கிறார். காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் சரக்குக்குப் புலி முத்திரை இட்டுச் சுங்கம் கொண்ட காட்சியைப் பட்டினப்பாலையில் காணலாம். முதற் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்றே பெயர். கோயமுத்தூர் நகரத்தில் சுங்கம் என்று பெயர் கொண்ட நாற்சந்தி இன்றும் இருக்கிறது.

பயம் பிற்காலத்தில் வந்தது. 1857 கலகத்தினால் உண்டான கடனைத் தீர்க்க, 1860-ல் ஜேம்ஸ் வில்ஸன் என்ற துரை இந்த நாட்டுக்கு வருமான வரியைக் கொண்டுவந்தார். நமது பணம், வசூலிப்பவர் அவர், செலவழிப்பதும் அவர். உப்புக்கும் வரி போட்டார்கள். கடல் நம்முடையது, வெயில் நம்முடையது, உழைப்பும் நம்முடையது; வரி மட்டும் அவர்களுடையது. 1930-ல் மகாத்மா தண்டிக்கும், ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கும் நடந்தது இந்த அநியாயத்துக்காகத்தான். அந்நாளில் வரி இலாகாவை எதிர்த்து நிற்பதே பிரஜையின் தர்மமாக இருந்தது. 1947-ல் உப்பு வரி ஒழிந்தது. அதே வருஷத்தில் அந்நிய ஆட்சியும் ஒழிந்தது. ஆனால் அந்தக் காலத்துப் பயம் மட்டும் நம்முடன் தங்கிவிட்டது. மேஜைக்கு இந்தப் பக்கம் இருப்பவருக்குப் பயமும், அந்தப் பக்கம் இருப்பவருக்குப் பழைய துரைத்தனமும் இன்னும் சிறிது மிச்சம் இருக்கின்றன.

இலாகாக்கள் எத்தனையோ விதமாக உருமாறிவிட்டன. 1964 ஜனவரி 1-ல் மத்திய வருவாய் போர்டு இரண்டாகப் பிரிந்தது. ஒன்று வருமான வரி முதலிய நேர்முக வரிகளைக் கவனிக்கிறது. மற்றொன்று சுங்கம், ஜி.எஸ்.டி. ஆகியவற்றைக் கவனிக்கிறது. இங்கிலாந்தில் இதற்கு நேர்மாறாக, தனித்தனியே இருந்த இரண்டு இலாகாக்களை 2005-ல் ஒன்றாக்கினார்கள். ஒன்றாக இருந்தால் என்ன, இரண்டாக இருந்தால் என்ன? அத்தையின் கேள்வி இரண்டு இடத்திலும் ஒன்றேதான்.

அந்தக் கேள்விக்கு ஆடிட்டர் ஒரு பதில் வைத்திருந்தார். 2020 ஆகஸ்டு 13-ல் வருமான வரி இலாகா ஒரு சாசனம் வெளியிட்டது என்றும், அதில் இலாகா 14 வாக்குறுதிகள் கொடுத்திருக்கிறது என்றும் சொன்னார். சந்தேகிக்கக் காரணம் இருந்தாலன்றி வரி செலுத்துவோரை யோக்கியர் என்றே கருதுவோம் என்பது அவற்றில் ஒன்று; மரியாதையாக நடத்துவோம் என்பது இன்னொன்று. நம்மிடமிருந்து இலாகா எதிர்பார்ப்பவை ஆறு. யோக்கியமாக இரு, கணக்கு வைத்துக்கொள், காலத்தில் கட்டு என்பவை அவற்றைச் சேர்ந்தவை.

"அப்படி எழுதியிருக்குதுங்களா?" என்றாள் அத்தை.

"எழுதியிருக்குதுங்க அம்மா."

"அப்ப அந்த ஆபீஸ்ல அவருக்குப் படிச்சுக் காட்டலையோ என்னமோ."

பிறகு வேலைகள் நடந்தன. பான் கார்டில் பெயரைத் திருத்தினோம். இணைப்பதற்கு அபராதமாக 1,000 ரூபாய் கட்டினோம். ஜூலை மாதக் கெடுவுக்குள் வருமானக் கணக்கும் சமர்ப்பித்தாயிற்று. ஆடிட்டருடைய கட்டணம், பஸ் செலவு, தோட்ட வேலை கெட்ட நாட்கள் எல்லாவற்றையும் அத்தை விரல் மடக்கிக் கணக்கிட்டாள். "என்ற பணத்தை நானே கேட்டு வாங்கறதுக்கு எதுக்குச் சாமி இத்தனை செலவு?" என்றாள். அந்தக் கேள்விக்குச் சாசனத்திலும் பதில் இல்லை. எனக்கும் ஒன்று உறுத்தியது. பெஞ்சில் இருந்த மற்றவர்களுக்கு ஆடிட்டர் உண்டு, கணக்குப்பிள்ளை உண்டு. அத்தைக்கு நான் ஒருவன் இருந்தேன். அதுவும் இல்லாத விதவைகளின் பணம் எங்கே போய் நிற்கும்?

அந்த வருஷம் செப்டம்பர் மாதத்தில் வேறொரு விஷயம் நடந்தது. அதுவரையில் வரி இலாகாவுக்கும் தனக்கும் உள்ள சம்பந்தம் அந்த 14,400 ரூபாய்தான் என்று அத்தை நினைத்திருந்தாள். செப்டம்பர் 14 முதல், கச்சாப் பாமாயில் முதலிய எண்ணெய்களுக்கு அதுவரை இல்லாதிருந்த அடிப்படைச் சுங்கத் தீர்வை நூற்றுக்கு 20 ஆக்கப்பட்டது. நம் நாட்டில் செலவாகும் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் அயல்நாட்டிலிருந்து வருவது. அது மலிவாக வந்து குவிந்தால் தேங்காயெண்ணெய்க்குக் கிராக்கி குறையும். கொப்பரை விலை சரியும். ஆகவே தீர்வை ஏறியதில் தென்னை விவசாயிகளுக்குச் சந்தோஷம். ஆனால் பலகாரக் கடையிலும் ஏழை வீட்டு அடுப்பிலும் எண்ணெய்ச் செலவு ஏறியது. 2025 மே மாத முடிவில் கச்சா எண்ணெய்த் தீர்வையை 10 ஆகக் குறைத்தார்கள். இப்போது விவசாயிகளுக்கு வருத்தம், இல்லத்தரசிகளுக்கு ஆறுதல்.

இவர்களில் அத்தை எந்தக் கட்சி? தோப்பில் நிற்கும்போது தீர்வை வேண்டும் என்கிற கட்சி. ரேஷன் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயில் வாங்க நிற்கும்போது வேண்டாம் என்கிற கட்சி. ரேஷனில் பாமாயிலுக்குப் பதிலாகத் தேங்காயெண்ணெய் கொடுக்கவேண்டும் என்று விவசாயிகள் கேட்பதை ஆதரிக்கும்போது இரண்டும் கலந்த கட்சி. ஒரே ஸ்திரீயின் இடது கைக்கும் வலது கைக்கும் நடுவே நின்று தராசு பிடிக்கவேண்டிய வேலை சுங்கத் தீர்வைக்கு இருக்கிறது. அதை டில்லியில் நிர்ணயிக்கிறவர்கள் அவளைக் கண்டதில்லை. அவளும் அவர்களைக் கண்டதில்லை.

இன்னும் ஒன்று. அவளுடைய தோப்பில் ஓலைகளின் அடியில் வெள்ளை வெள்ளையாய்ச் சுருள் போட்டு ஒட்டிக்கொண்டு, ஓலையைக் கரிபிடிக்கச் செய்யும் ஓர் ஈ உண்டு. மத்திய அமெரிக்காவைப் பூர்விகமாக உடைய அந்தச் சுருள் வெள்ளை ஈ இந்தியாவில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது 2016-ல், எங்கள் பொள்ளாச்சிப் பிரதேசத்தில். சுங்கச் சாவடியில் தன்னை ஒப்புவிக்காமலே வந்து சேர்ந்த விருந்தாளி! அயல்நாட்டுச் செடியோ விதையோ வந்தால், தாவர நோய்த் தடுப்பு அதிகாரிகள் அனுமதித்த பிறகே சுங்க இலாகா அதை வெளியே விடவேண்டும் என்பது விதி. அதை வெறும் காகித விதி என்று நினைத்திருந்தேன். ஈ பிடித்த ஓலையைப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. துறைமுகத்தில் ஒரு பெட்டியைத் திறந்து பார்க்கும் உத்தியோகஸ்தர், தமக்குத் தெரியாமலே ஆனைமலைச் சாலையில் ஒரு தோப்புக்குக் காவல் நிற்கிறார்.

ஆகவே, 'இந்த ஆபீஸ் யாருக்காக?' என்ற அத்தையின் கேள்விக்குப் பதில் சொல்ல அந்தப் பெஞ்சு போதாது. வரி கட்டுகிறவர், கணக்குக் கொடுக்கிறவர், சரக்கு அனுப்புகிறவர், பிரயாணம் செய்கிறவர் இவர்களெல்லாம் பெஞ்சில் இருக்கிறார்கள். சோப்பு வாங்கும்போது வரி கொடுக்கிற கூலிக்காரி, அயல்நாட்டு எண்ணெயினால் விலை குறைந்து போகிற குடியானவன், வராமல் தடுக்கப்பட்ட பூச்சியினால் பிழைத்த தென்னை இவர்கள் யாருமே மாடிப்படி ஏறி வருவதில்லை. இவர்களுக்காகவும் அந்த ஆபீஸ் இருக்கிறது என்பதை மேஜைக்கு அந்தப் பக்கத்தில் இருப்பவர் நினைவில் வைத்திருந்தால், நிமிர்ந்து பார்ப்பது கஷ்டமாக இராது.

அத்தையின் பணம் வந்து சேர்ந்தது. மாரியம்மன் கோயிலில் விளக்கேற்றிவிட்டுத் திரும்பும் வழியில், பேத்திக்கு நோட்டுப் புத்தகப் பை வாங்கக் கடைக்குப் போனோம். கடைக்காரர் விலை சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பில்லு வேண்டாம்னா நூறு ரூபாய் குறைச்சுக்கறனுங்க அம்மா" என்றார்.

நான் அத்தையைப் பார்த்தேன். நூறு ரூபாய் அவளுக்குச் சின்னத் தொகை அல்ல. எத்தனை தேங்காய்க்கு விலை என்று அவளுக்குத் தெரியும். சிறிது நேரம் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பில்லுப் போடுங்க," என்றாள். "அந்த ஆபீஸ்ல இன்னொரு தடவை போய்க் கேக்க வேண்டி வந்தா, கையில ரசீது இருக்கோணும்."